எங்க ஊர்ல இல்லாததா?

கேபிள் காரில் கண்ணை இறுக மூடிக்கொண்டு, கைப்பையை மடியில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு வந்த என் மாமியார், மோன்செராத்தே மலை உச்சியில் இறங்கி, மூச்சு வாங்க நாலு படி ஏறி, கைப்பிடிச் சுவர் ஓரமாக வந்து நின்றார். கொலம்பியா நாட்டின் தலைநகரம் பொகோட்டா மொத்தமும் கீழே கிடந்தது. செங்கல் நிறக் கட்டடங்கள், நடுநடுவே வானளாவிய கண்ணாடிக் கட்டடங்கள், அதற்கு மேல் மேகத்தின் நிழல். பக்கத்தில் நின்ற ஜெர்மன்காரி ஒருத்தி வாயில் கைவைத்துக்கொண்டு நின்றாள். என் மாமியார் அரை நிமிடம் பார்த்தார்.

"இதுக்கா மாப்பிள்ளை இவ்ளோ தூரம் ஏத்துனீங்க? சயனைடு மேட்டு மேல நின்னா இதவிட நல்லா தெரியும். மாரிகுப்பம் ஸ்டேஷன் வரைக்கும் தெரியும்."

சயனைடு மேடு என்பது கோலார் தங்கவயலில், கல்லை அரைத்துத் தங்கத்தை எடுத்த பிறகு மிஞ்சிய தூளை நூறு வருடம் கொட்டிக் கொட்டி வளர்ந்த சாம்பல் நிற மண்மேடு. புல்கூட ஒழுங்காக முளைக்காது. காற்றடித்தால் கண்ணைத் திறக்க முடியாது. அதை இதோடு சேர்த்து வைத்துப் பேசுகிறார். எனக்கு அங்கிருந்தே குதித்துவிடலாம் போலிருந்தது. குதிக்கவில்லை. குதித்திருந்தால், "எங்க ஊர்ல ஒருத்தன் இதவிட ஒசரத்துல இருந்து குதிச்சான்" என்று ஸ்டெல்லாவிடம் சொல்லியிருப்பார்.

ஸ்டெல்லா என் மனைவி. அவளுக்குக் கம்பெனியில் மூன்று வருடத்துக்கு பொகோட்டா என்று எழுதிக் கொடுத்தார்கள். நான் வீட்டிலிருந்தே பெங்களூர் ஆபீசுக்கு வேலை செய்கிறவன். எங்கே உட்கார்ந்து தட்டினாலும் ஒன்றுதான் என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு கூடவே வந்துவிட்டேன். மாமியார் மட்டும் தங்கவயலில், சாம்பியன் ரீஃப்ஸ் பக்கம் பழைய மைன் குவார்ட்டர்ஸ் வீட்டில் தனியாக இருந்தார். மாமனார் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சுரங்கத்தை மூடிய பிறகு பத்து வருடம் இருமிக்கொண்டே இருந்து போய்ச் சேர்ந்தார். நாங்கள் இங்கே வந்த முதல் வருடம் மழைக்காலத்தில் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து, எழுந்திருக்க முடியாமல் மூன்று மணி நேரம் கிடந்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் கதவை உடைத்து, ஆட்டோவில் போட்டு, பங்காருபேட்டைக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றினார். அன்றிலிருந்து ஸ்டெல்லாவுக்கு நிம்மதி போய்விட்டது.

"அம்மாவை மூணு மாசம் இங்க கூட்டிட்டு வரலாம். ஊரைச் சுத்திக் காட்டு. 'இங்கியே கீறேன்'னு அவங்க வாயால ஒரு வார்த்தை வந்துட்டா போதும், விசா, டாக்டர் எல்லாத்தையும் நான் பார்த்துக்கறேன். எனக்குப் பகல்ல ஆபீஸ். உனக்கு பெங்களூர் டைம், ராத்திரிலதான் வேலை. இது உன் பொறுப்பு" என்றாள்.

அந்த ஒரு வார்த்தைக்காக நான் மூன்று மாதம் தலையால் தண்ணீர் குடித்தேன்.

தண்ணீர் என்றதும் நினைவு வருகிறது. வந்த அன்றைக்கே குழாயைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்துக் கொடுத்தேன். பொகோட்டாவில் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம், மலையிலிருந்து வருகிறது. ஜில்லென்று இருக்கும். ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"சப்புன்னு கீது. பேத்தமங்களா தண்ணி மாதிரி வருமா?"

பேத்தமங்களா ஏரித் தண்ணீரின் லட்சணம் எனக்குத் தெரியாதா? பத்து நாளைக்கு ஒருமுறை வரும். வரும்போது துரு கலந்து டீ நிறத்தில் வரும். குடத்தை வைத்துக்கொண்டு இவரே குழாயடியில் தெருவைக் கூட்டுகிற மாதிரி சண்டை போட்டதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதைச் சொன்னேன்.

"சண்ட போட்டுப் பிடிக்கிற தண்ணிக்கே ஒரு ருசி கீது மாப்பிள்ளை. ஜங்ஷன்காரங்களுக்கு அது தெரியாது" என்றார்.

ஜங்ஷன்காரன் என்பது நான். பங்காருபேட்டை ரயில்வே ஜங்ஷனில் பிறந்தவன், அப்பா ரயில்வே. பங்காருபேட்டைக்கும் தங்கவயலுக்கும் ரயிலில் அரைமணி நேரம்கூட ஆகாது. ஆனால் என் மாமியார் கணக்கில் நான் அசலூர்க்காரன். பெண் பார்க்கப் போன அன்றே, "பங்காருபேட்டையா? வண்டி வரும், வண்டி போவும். வேற இன்னா கீது அங்க?" என்று என் அப்பாவின் எதிரிலேயே கேட்டவர். என் அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. உடனே மாமியார் அவரைச் சமாதானப்படுத்துகிற மாதிரி சுரங்கத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். "உள்ள தெரு மாதிரி இருக்கும் அண்ணே. வரிசையா லைட்டு எரியும். உங்க ரயிலு மாதிரியே சின்ன ரயிலு ஓடும். எட்டாயிரம் அடிக்குக் கீழ ஜிலுஜிலுன்னு காத்து வரும், மெஷின் போட்டு அனுப்புவாங்க. மாதா படம் வச்சி பூ போட்டிருப்பாங்க. உள்ள போனா மேல வரவே மனசு வராது." முப்பது வருடம் ரயில்வேயில் இருந்த என் அப்பா வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். மாமனார் மட்டும் மூலையில் உட்கார்ந்து காபியை ஆற்றிக்கொண்டிருந்தார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

பொகோட்டாவில் எதைக் காட்டினாலும் இதே பாட்டுதான். மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போனேன். நாம் ஜென்மத்தில் பார்த்திராத பழங்களைக் குவித்து வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்து, "புளிப்பு", "கொழகொழ", "கொட்டைதான் கீது" என்று தள்ளிக்கொண்டே போனவர், மரவள்ளிக்கிழங்குக் குவியலைக் கண்டதும் நின்றார். "பாருங்க, நம்ம ஊர்லேர்ந்துதான் வந்துகீது" என்றார். மரவள்ளி இந்தக் கண்டத்திலிருந்துதான் நம் ஊருக்கு வந்தது அத்தை என்று சொல்லிப் பார்த்தேன். "யாரோ சொன்னா நம்பிடுவீங்களா?" என்றார். இரண்டு கிலோ வாங்க வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனால் அவருக்கு ஸ்பானிஷ் ஒரு சொல் தெரியாது. ஆனால் எங்கே நிற்க வேண்டும், எங்கே முழங்காலிட வேண்டும் என்று எல்லோருக்கும் முன்னால் அவர்தான் செய்வார். பக்கத்தில் இருந்த கொலம்பியாக் கிழவிகள் இவரைப் பார்த்து எழுந்தார்கள், இவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள். கைகுலுக்கிச் சமாதானம் சொல்லும் நேரத்தில் ஒரு கிழவி இவரைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்துவிட்டாள். அப்பாடா, இதிலாவது மனசு இளகியிருக்கும் என்று வெளியே வந்ததும் கேட்டேன்.

"நல்லவங்கதான். ஆனா எங்க கோயில்ல பாட்டு இன்னும் சத்தமா இருக்கும்."

தங்க மியூசியத்துக்குக் கூட்டிப்போன நாளை மறக்க முடியாது. அந்த மண்ணின் பழங்குடிகள் செய்த தங்கச் சாமான்களை ஆயிரக்கணக்கில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு அறையில் நம்மை உள்ளே நிறுத்திக் கதவைச் சாத்தி இருட்டாக்கிவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக விளக்குப் போடுவார்கள். சுற்றிலும் சுவர் முழுக்கத் தங்கம் மின்னும். கூட்டமே ஆ என்றது. தங்கவயல்காரியைத் தங்கத்தால் அடித்துவிட்டோம் என்று நான் இருட்டிலேயே சிரித்துக்கொண்டேன்.

"நம்ம ஊர்த் தங்கம் இதவிட கொஞ்சம் செவப்பு" என்றார்.

"நீங்க பார்த்திருக்கீங்களா அத்தை? மைன்ல எடுத்த தங்கத்தை?"

"பார்த்ததில்ல. எங்க ஆளுங்க யாருமே பார்த்ததில்ல. கல்லு மில்லுக்குள்ள போவும், தங்கத்த அப்படியே வண்டில ஏத்துவாங்க."

"அப்புறம் எப்படிச் செவப்புன்னு தெரியும்?"

"பார்த்தாத்தான் தெரியணுமா? அங்கியே பொறந்து அங்கியே வாழ்ந்தவளுக்குத் தெரியாதா?"

 வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டேன். "குளுருதா மாப்பிள்ளை?" என்று தன் சால்வையை எடுத்து என் கழுத்தில் சுற்றினார். இவரிடம் இதுதான் தொல்லை. முழுசாகக் கோபித்துக்கொள்ளவும் விடமாட்டார்.

அடுத்த வாரம் குவாத்தவீத்தா ஏரி. பொகோட்டாவிலிருந்து இரண்டு மணி நேரம். அந்தக் காலத்தில் ராஜா உடம்பெல்லாம் தங்கப்பொடி பூசிக்கொண்டு படகில் போய், தங்கத்தை அள்ளி ஏரிக்குள் போட்டு சாமிக்குக் காணிக்கை செலுத்துவானாம். பிற்பாடு வந்தவர்கள் அந்தத் தங்கத்துக்காகக் கரையையே வெட்டித் தண்ணீரை வடிக்கப் பார்த்தார்களாம். மேலே ஏறிப் பார்த்தால் பச்சைத் தண்ணீர், சுற்றிலும் காடு, சத்தமே இல்லை. எனக்கே கண் கலங்கியது.

"எத்தன பேரு செத்தானுங்க?" என்று கேட்டார்.

"எப்போ அத்தை?"

"தங்கத்த எடுக்க எறங்கினப்ப."

தெரியவில்லை என்றேன். தண்ணீரைக் கை காட்டி, "எங்க ஊர்ல இல்லாததா? அங்கியும் தங்கம் தண்ணிக்குள்ளதான் கீது இப்ப" என்றார். அது உண்மைதான். சுரங்கத்தை மூடி இருபது வருடத்துக்கு மேலாகிறது. இறைப்பதை நிறுத்திவிட்டதால் கீழே முழுக்கத் தண்ணீர். ஆனால் அதற்காகவா நான் இவரை ஆயிரம் படி ஏற்றினேன்? ஸ்டெல்லாவுக்குப் போன் செய்து, "உங்க அம்மாவை நீயே வந்து சுத்திக் காட்டு, எனக்கு மண்டை காயுது" என்று கத்தினேன். "அவங்ககிட்ட கத்தலையே?" என்று கேட்டாள். கத்தவில்லை. அதுவரைக்கும் கத்தவில்லை.

கத்தினது நில அதிர்வு வந்த அன்று.

பொகோட்டாவில் அவ்வப்போது பூமி லேசாக ஆடும். ஊர்க்காரர்கள் பழக்கப்பட்டவர்கள். ஆடினால் லிஃப்டைத் தொடக்கூடாது, படியில் இறங்கி வெட்டவெளிக்குப் போய்விட வேண்டும். நாங்கள் இருந்தது ஒன்பதாவது மாடி. வந்த அன்றே மாமியாருக்கு இதைச் சொல்லி, படி எங்கே இருக்கிறது என்று காட்டியும் வைத்திருந்தேன். அன்று காலை ஸ்டெல்லா ஆபீசுக்குப் போயிருந்தாள். மாமியார் வெயில் காயக் கீழே போயிருந்தார். இரவு வேலையை முடித்துவிட்டு நான் அப்போதுதான் படுத்திருந்தேன். கட்டில் ஆடியது. அலமாரியில் டம்ளர்கள் கலகலத்தன. லுங்கியோடு பின்பக்கப் படியில் ஒன்பது மாடியும் ஓடி இறங்கினேன். தெருவில் கட்டடத்து ஆட்கள் அத்தனை பேரும் நிற்கிறார்கள், நாய்கள்கூட நிற்கின்றன. மாமியாரைக் காணோம். கூட்டத்துக்குள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடினேன். புடவை கட்டிய ஒரே பெண்மணி, தெரியாமலா போய்விடுவார்? பத்து நிமிடம் கழித்துக் காவல்காரர் என் தோளைத் தொட்டுக் கட்டடத்தின் உள்ளே கை காட்டினார்.

காலியான கூடத்தில், லிஃப்ட் கதவுக்கு முன்னால், தலையில் முக்காடு போட்டுக்கொண்டு நின்றிருந்தார். உள்ளங்கையைக் கதவின் மேல் வைத்திருந்தார்.

"அறிவு இருக்குதா உங்களுக்கு?" என்று கத்தினேன். "ஊரே வெளிய ஓடுது! எத்தனை தடவை சொன்னேன்? லிஃப்டைக் கட்டிக்கிட்டு நிக்கிறீங்க! செத்துத் தொலைஞ்சா உங்க பொண்ணுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

திரும்பினார். என்னைக் காலிலிருந்து தலைவரை ஒருமுறை பார்த்தார்.

"நீங்க உள்ள இருந்தீங்க. கேஜு வந்தாத்தான தெரியும், வந்துட்டீங்களா இல்லியான்னு" என்றார். அப்புறம் முக்காட்டை எடுத்துவிட்டு, "வந்துட்டீங்க. போதும். சட்ட போடுங்க, குளுருது" என்றார்.

கேஜ் என்பது சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கி ஏற்றுகிற இரும்புக் கூண்டு. சாயங்காலம் ஸ்டெல்லா வந்து சொன்னாள். அழுத்தம் தாங்காமல் சுரங்கத்தின் ஆழத்தில் பாறை வெடித்தால் தங்கவயல் முழுக்க வீடுகள் ஆடுமாம். பாத்திரங்கள் அலமாரியிலிருந்து விழுமாம். உடனே பெண்கள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டுச் சுரங்க வாசலுக்கு ஓடுவார்களாம். யாரும் அழக்கூடாது. கேஜ் மேலே வரும், பத்திருபது பேர் இறங்குவார்கள், தன் ஆள் வந்தவள் ஒரு வார்த்தை பேசாமல் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவாள். மற்றவர்கள் அடுத்த கேஜுக்கு நிற்பார்கள். சின்ன வயசில் ஸ்டெல்லாவும் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். "அங்க யாரும் வெளிய ஓடமாட்டாங்க. வாசலுக்குத்தான் ஓடுவாங்க" என்றாள்.

எனக்கு வெட்கமாகப் போயிற்று. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. மாமியாரிடம் மருமகன் எந்த முகத்தோடு போய் அதைக் கேட்பது? மறுநாள் காலையில் நானே காபி போட்டுக் கொண்டுபோய் நீட்டினேன். ஒரு வாய் குடித்தார். "பாலு தண்ணியா கீது" என்றார். சரி, மன்னித்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்று மாதம் முடிய பத்து நாள் இருந்தது. 'இங்கியே கீறேன்' வரவில்லை. என்னிடம் ஒரே ஒரு துருப்புச் சீட்டு மீதி இருந்தது. அதைக் கடைசிக்கென்று வைத்திருந்தேன். பொகோட்டாவுக்கு வடக்கே சிப்பாகிரா என்று ஒரு ஊர். அங்கே ஒரு உப்புச் சுரங்கம். அந்தச் சுரங்கத்துக்குள்ளே, பூமிக்கு அறுநூறு அடி கீழே, உப்புப் பாறையைக் குடைந்து ஒரு மாதா கோயில் கட்டியிருக்கிறார்கள். சுரங்கமும் இவருடையது, கோயிலும் இவருடையது. இரண்டும் ஒன்றாகத் தங்கவயலில் கிடையவே கிடையாது. எப்படி ஒப்பிடுவார், பார்த்துவிடலாம் என்று கறுவிக்கொண்டு கிளம்பினேன். ஞாயிற்றுக்கிழமை, ஸ்டெல்லாவும் வந்தாள்.

சனி, ஞாயிறில் சுற்றுலாக்காரர்களுக்கென்று ஒரு பழைய ரயில் விடுகிறார்கள். உள்ளே வாத்தியம் வாசித்துக்கொண்டே வருவார்கள். பச்சைப் புல்வெளிகளுக்கு நடுவே ஆடி அசைந்து போயிற்று. "மாரிகுப்பம் பாசஞ்சரு இதுக்கு முன்னால போயி, திரும்பியும் வந்துரும்" என்றார் மாமியார்.  ரயில் விஷயத்தில் அவர் சொன்னது சரியாக வேறு இருந்தது.

சுரங்க வாசலில் டிக்கெட்டைக் காட்டிவிட்டு நானும் ஸ்டெல்லாவும் உள்ளே நடந்தோம். திரும்பிப் பார்த்தால் மாமியார் வெளிச்சத்திலேயே நின்றுவிட்டிருந்தார்.

"பொம்பளைங்கள உடுவாங்களா?"

"அம்மா, டிக்கெட் வாங்கியாச்சும்மா" என்று ஸ்டெல்லா சிரித்தாள்.

"சிரிக்காத. கேட்டுட்டு வா."

அவரைத் தாண்டிக்கொண்டு பெண்கள் கூட்டம் கூட்டமாக உள்ளே போனார்கள். கைக்குழந்தையோடு போனார்கள், குதிகால் செருப்போடு போனார்கள், ஐஸ்கிரீம் நக்கிக்கொண்டு போனார்கள். அவர்களையெல்லாம் பார்த்துக்கொண்டே நின்றார். தங்கவயலில் பெண்கள் சுரங்கத்துக்குள் கால் வைக்கக் கூடாது. மாமனார் தன் ஹெல்மெட்டைக்கூட வீட்டுக்குள் கொண்டுவரமாட்டார், வாசல் ஆணியில்தான் மாட்டுவார், இவர் தொடக்கூடாது என்று ஸ்டெல்லா சொல்லியிருக்கிறாள். டிக்கெட் கிழிக்கிற பெண்ணிடம் நானே போய் சைகையில் கேட்டேன். அந்தப் பெண்ணுக்கு முதலில் கேள்வியே புரியவில்லை. புரிந்ததும் மாமியாரைப் பார்த்து, வாங்க வாங்க என்று கையை ஆட்டினாள். மாமியார் சிலுவை போட்டுக்கொண்டு, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, உள்ளே வந்தார்.

சரிவான பாதை. இரண்டு பக்கமும் உப்புப் பாறை. கந்தக வாசனை லேசாக அடித்தது. இயேசுவின் பாடுகளைப் பதினான்கு இடங்களில் பாறையில் குடைந்த சிலுவைகளாக வைத்திருக்கிறார்கள், ஒவ்வொன்றுக்கும் நீல வெளிச்சம். பதினான்கு இடத்திலும் முழங்காலிட்டார். சுவரின் மேல் கையை வைத்துத் தேய்த்துக்கொண்டே நடந்தார். ஒரு இடத்தில் விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார். நான் காத்துக்கொண்டே இருந்தேன். இதோ சொல்லப்போகிறார், இப்போது சொல்லிவிடுவார் என்று. ஒன்றும் சொல்லவில்லை.

கீழே பெரிய கோயில். பீடத்துக்குப் பின்னால் பாறையில் குடைந்த பிரம்மாண்டமான சிலுவை, வெளிச்சத்தில் மிதக்கிற மாதிரி இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்தார். ஸ்டெல்லா போட்டோ எடுக்கப் போனாள்.

"இது எத்தன அடி மாப்பிள்ளை?"

"அறுநூறு அத்தை."

"அவுரு எட்டாயிரம்." மனசுக்குள் கணக்குப் போட்டார். "இது மாதிரி இன்னும் பன்னெண்டு." பிறகு, "லைட்ட நிறுத்தச் சொல்லுவீங்களா?" என்று கேட்டார்.

முடியாது அத்தை, கூட்டம் இருக்கிறது என்றேன். சரி என்று கண்ணை மூடிக்கொண்டார். ரொம்ப நேரம் திறக்கவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. பேச்சை மாற்ற, அவர் குரலிலேயே கிண்டலாகக் கேட்டேன்.

"இன்னா அத்தை, எங்க ஊர்ல இல்லாததான்னு சொல்லவே இல்ல?"

"தெரியாது மாப்பிள்ளை" என்றார், கண்ணைத் திறக்காமல். "நான் பார்த்ததில்ல."

"பொண்ணு பார்க்க வந்தப்போ எங்க அப்பாகிட்ட சொன்னீங்களே. தெரு மாதிரி இருக்கும், லைட்டு எரியும், மாதா படம், பூவுன்னு."

"நானா கட்டிச் சொன்னது. அவுரு ஒண்ணும் சொன்னதில்ல. முப்பது வருசம் கேட்டேன். 'இருட்டா கீது, சூடா கீது, சோறு போடு.' அவ்ளோதான். அவுரு வாழ்க்கையில பாதி உள்ள. எனக்கு அதுல ஒண்ணும் தெரியாதுன்னு வெளிய சொல்ல முடியுமா? ஏதாவது சொல்லணும் இல்ல?"

எங்கள் ஊரில் இது இல்லை என்றோ, எனக்குத் தெரியாது என்றோ இவர் வாயால் ஒருமுறை கேட்டுவிட வேண்டும் என்று மூன்று மாதமாகத் தவித்தவன் நான். கேட்டேவிட்டேன். ஏன்தான் இங்கே கூட்டி வந்தேனோ என்றிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். கையைப் பிடித்துக்கொள்கிற பழக்கமெல்லாம் எங்களுக்குள் இல்லை.

திரும்பி வருகிற ரயிலில் வாத்தியச் சத்தத்துக்கு நடுவே சொன்னார். "டிக்கெட் போட்டுடுங்க மாப்பிள்ளை. நான் ஊருக்குப் போவணும்."

"அம்மா, இங்கயே இரும்மா" என்று ஸ்டெல்லா அழவே ஆரம்பித்துவிட்டாள்.

"அழாத. இவுங்க எவ எவளையோ உள்ள உடறாங்க. எங்க ஊர்ல என்னைய உடமாட்டாங்களா? ஒரு தபா கேட்டுப் பார்க்குறேன்."

"உள்ள முழுக்கத் தண்ணி அத்தை. வாசலையே மூடிட்டாங்க" என்றேன். எனக்குத் தொண்டைவரை கோபம். இத்தனை பாடுபட்டு, கடைசிச் சீட்டையும் நானே போட்டு, நானே தோற்றிருக்கிறேன்.

"இருக்கட்டும். தண்ணிய பார்த்துட்டு வரேன்."

போய்விட்டார். வாரம் ஒருமுறை போன் செய்வோம். கேட்டீங்களா என்றால், "கேட்டேன், வாட்ச்மேன் மாட்டேன்றான். அடுத்த சனிக்கெழம திரும்பக் கேப்பேன்" என்பார். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி போடச் சொன்னோம். போட்டுவிட்டேன் என்றார். போடவில்லை. அடுத்த மழைக்காலத்தில் அதே குளியலறையில் விழுந்தார். இந்தமுறை பக்கத்து வீட்டுக்காரர் ஊரில் இல்லை. இதற்குத்தானே பயந்தோம், இதற்குத்தானே மலைமலையாக ஏற்றி இறக்கினேன் என்று விமானத்தில் இரண்டு நாளும் எனக்கு அவர் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இறந்துபோனவர் மேல் கோபப்படக்கூடாது என்பார்கள். படாமல் எப்படி இருப்பது?

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் ஒரு சனிக்கிழமை. வீட்டில் இருப்புக்கொள்ளாமல் நடந்து, மாமனார் வேலை பார்த்த சுரங்கத்தின் வாசலுக்கே போய்விட்டேன். துருப்பிடித்த இரும்புக் கேட், உள்ளே புதர், அதற்குப் பின்னால் கேஜை இறக்குகிற உயரமான இரும்புக் கோபுரம். கேட்டுக்கு இந்தப் பக்கம் வாட்ச்மேன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"உள்ள உட முடியாது சார்" என்றார்.

யாருடைய மருமகன் என்று சொன்னேன். எழுந்துவிட்டார்.

"பொகோட்டா மாப்பிள்ளையா? ஐயோ, அந்தம்மா எம்மாம் பேசுவாங்க! சனிக்கெழம சனிக்கெழம வந்து என் உசுர எடுத்துட்டாங்க சார். 'எங்க பொகோட்டாவுல பொம்பளைங்கள உள்ள உடறாங்க, நீ இன்னா பெரிய இவனு?' இதான் மொத வார்த்த. 'எங்க பொகோட்டாவுல மைன் உள்ளியே கோயிலு கீது. எங்க பொகோட்டாவுல தண்ணி கற்கண்டு மாதிரி. எங்க பொகோட்டாவுல கோயில்ல கட்டிப்புடிச்சி முத்தம் குடுப்பாங்க.' இங்க கீற ஒண்ணும் அவங்களுக்குப் புடிக்கல சார்."

நான் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"மலையைப் பத்தி ஏதாவது சொன்னாங்களா?"

"சொல்லாமயா? 'மலை மேல நின்னு பார்த்தா ஊரு கண்ணு கொள்ளாது. எங்க மாப்பிள்ளைதான் ஏத்திக் காட்டுனாரு'ன்னு சொல்லுவாங்க. நான்கூட நம்ம சயனைடு மேட்டக் காட்டி, இது மேல ஏறுங்கம்மான்னேன். 'சீ, இது ஒரு மேடா?'ன்னுட்டாங்க."

என்னிடம் சொல்லியிருக்கலாம். மூன்று மாதத்தில் ஒரே ஒரு தடவை, என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம்.

வாட்ச்மேன் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். "நெசமாவா சார்? அங்க பொம்பளைங்கள உள்ள உடறாங்களா? இல்ல, அந்தம்மா சும்மா கட்டிச் சொன்னாங்களா?"

"விடுறாங்க" என்றேன். "எங்க பொகோட்டாவுல யாரை வேணும்னாலும் உள்ள விடுவாங்க."

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.